உயிரியலில் எம்.எஸ்சி.: செட்டிநாட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எஸ்சி. ரிசல்ட் வருகிற வாரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாகவே இருக்காது. தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் மார்க் ஷீட்டோடு வருவார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ, சில சமயம் ஆயாவும் வருவார். நான் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீட் கிடைக்கவில்லை என்றுதான் பி.எஸ்சி.யில் சேர்ந்தேன். இனி எம்.எஸ்சி.யும் படித்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. மருத்துவமும் உயிரியலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்றில் இடம் கிடைக்காததால் மற்றதில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்க வேண்டியதே இல்லை. டெங்குக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடுகிறது, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யாமல் போயிற்று, இறால் குளத்தில் ஏன் ஒரே இரவில் எல்லாம் செத்து மிதக்கின்றன என்றெல்லாம் கண்டுபிடிப்பது உயிரியல் படித்தவர்களின் வேலை.

ஆனால் ஒன்று. பி.எஸ்சி.யில் யாரோ கண்டுபிடித்ததைப் படித்து எழுதினால் போதும். எம்.எஸ்சி.யில் முதல் தடவையாக உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும். கொசுவோ, பாசியோ, புற்றுநோயோ, ஊர்க் கண்மாயோ, எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று மூன்றாம் வருடத்திலேயே யோசிக்கத் தொடங்குங்கள். அது இருந்தால் இரண்டு வருடமும் பயன்படும். இல்லாவிட்டால் பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

விலங்கியல், தாவரவியல், பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல்: எதை எடுப்பது?

பெயரின் பளபளப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். நாளைக்கு என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அரசுப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் தேவை. ஆசிரியர் தேர்வு வாரியம் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமா, அல்லது அரசாணைப்படி அதற்குச் சமமானதா என்று பார்க்கும். பி.எஸ்சி. விலங்கியல், எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி என்று மாறிப் படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வேலைதான் கனவு என்றால் விலங்கியலிலோ தாவரவியலிலோ நேர்கோட்டில் போவது நல்லது. பாடம் மாறத்தான் வேண்டும் என்றால், சேருவதற்கு முன்பே அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மருந்து கம்பெனி, உணவு கம்பெனி, பரிசோதனைக்கூடம் என்றால் மைக்ரோபயாலஜியும் உயிர்வேதியியலும் கை கொடுக்கும். ஆராய்ச்சி என்றால் பட்டத்தின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. கையில் என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். காடு, பறவை, விலங்கு என்று மனசு போகிறவர்களுக்கு வனவிலங்கு உயிரியல் தனிப் படிப்பாகவே இருக்கிறது: மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசுக் கலைக் கல்லூரியிலும் படிக்கலாம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் (என்.சி.பி.எஸ்.) போட்டி கடுமை. ஆனாலும் எழுதிப் பாருங்கள்.

காரைக்குடியிலேயே படிக்கலாமா, வெளியூர் போக வேண்டுமா?

இங்கேயே இருப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரியில் வேர்விட்டு, 1985இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த வளாகம் நமக்கு சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் இருக்கின்றன. கடல் சார்ந்த படிப்புக்குத் தொண்டியில் தனி வளாகமே உண்டு. கடலே பார்க்காமல் கடல் உயிரியல் படிப்பதைவிட, தேவகோட்டை வழியாக பஸ் ஏறித் தொண்டிக் கரையில் நின்று படிப்பது எவ்வளவோ மேல்.

சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் மறந்துவிடக் கூடாது. அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953இல் திறந்தார்கள். 'அது வேதியியல்காரர்கள் இடம்' என்று உயிரியல் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இரும்பைத் தின்னும் பாக்டீரியா, கப்பலடியில் படியும் உயிர்ப்படலம் எல்லாம் அரிமானத்தோடு, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதோடு, சம்பந்தப்பட்டவை. மைக்ரோபயாலஜி படிப்பவர் நான்காவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

சரி, யார் வெளியே போக வேண்டும்? தனக்குப் பிடித்த துறைக்கு இங்கே ஆள் இல்லை என்பவர்கள். கடல் உயிரியலில் ஆழமாகப் போக வேண்டும் என்றால் பரங்கிப்பேட்டை. அதுவும் ஒரு வகையில் நம் மண்ணின் கொடைதான். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அது. மூலக்கூறு உயிரியல் என்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்துக்குப் பழைய நல்ல பெயர் உண்டு. ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். யாரிடம் கற்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். பேராசிரியரின் பக்கத்தைத் திறந்து, கடைசி மூன்று வருடத்தில் அவர் என்ன கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

நுழைவுத் தேர்வு உண்டா? எப்போது விண்ணப்பிப்பது?

நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மே மாதம் தேர்வு முடிந்த பிறகு தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் பாதி வாசல் அடைத்திருக்கும்.

ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பயோடெக்னாலஜி அதில் ஒரு தாள். தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு முதுநிலை 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு. மத்திய பயோடெக்னாலஜி துறை உதவியோடு நடக்கும் படிப்புகளுக்கு 'காட்-பி' என்ற தேர்வு. இதில் தேறிச் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. மாநிலத்தின் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி வரும்.

ஆகவே மூன்றாம் வருடம் ஆயுத பூஜை வரும்போதே ஒரு நோட்டில் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பன்னிரண்டு வரை தமிழ்வழி. எம்.எஸ்சி. முழுக்க ஆங்கிலமாமே, தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். நானும் தமிழ்வழிதான். பாடம் புரியும், ஆனால் வாயைத் திறந்து சொல்லத்தான் வராது. முதல் செமினாரில் ஸ்லைடைப் பார்த்து ஒப்பித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி வந்ததும் நின்றுவிட்டேன்.

எனக்கு உதவிய வழி இது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் அதே பாடம், அதே படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பத்தி தமிழில், அதே பத்தி ஆங்கிலத்தில் என்று படியுங்கள். நொதி, உட்கரு, ஒளிச்சேர்க்கை என்று ஏற்கெனவே மனசில் பதிந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மாதம் போதும். அப்புறம், யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். அதை விட்டுவிடக் கூடாது.

ப்ராஜெக்ட் என்றால் என்ன? கைடு சொல்வதைச் செய்தால் போதாதா?

கடைசி செமஸ்டரில் ஒரு ஆய்வு செய்து, டிசர்டேஷன் என்னும் ஆய்வேடு எழுதி, வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் மூன்றாவது செமஸ்டரிலேயே தலைப்பைக் கேட்டுவிடுவார்கள். எம்.எஸ்சி.யின் உயிரே இதில்தான் இருக்கிறது. வேலைக்கோ பிஎச்.டி.க்கோ நேர்காணலுக்குப் போனால் முதல் கேள்வி, 'உன் ப்ராஜெக்ட் என்ன?' என்பதுதான். காசு கொடுத்து வெளியில் ரெடிமேடாக வாங்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கே போனால் இரண்டு வருடமும் கையை விட்டுப் போய்விடும்.

'மேம், நம்ம ஊர்ல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?' என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம். அவளுடைய ஆயா கவுனி அரிசியை முந்தின இரவே ஊறப்போட்டிருந்தார். அடுப்படியில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தேன். தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி கருநீலமாக நின்றது. அதை மூன்று டம்ளரில் ஊற்றச் சொன்னேன். ஒன்றை அப்படியே வைத்தோம். இரண்டாவதில் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் சிவந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். ஆயா, 'ஏத்தா, இதுதான் உங்க படிப்பா?' என்றார். ஆமாம், இதுதான்.

அந்த நிறமி ஆந்தோசயனின். அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் என்று மாறும். அந்த மாற்றத்தை வைத்தே அதன் அளவைக் கண்டுபிடித்துவிடலாம். அமிலம் கலந்த ஆல்கஹாலில் நிறமியை இறக்கி, பிஎச் 1.0இலும் 4.5இலும் கரைசல் வைத்து, 520, 700 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் கணக்கு வந்துவிடும். ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் போதும். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள்: ஊறவைக்கும்போது எவ்வளவு நிறமி தண்ணீரோடு போகிறது, வேகவைத்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது. வைவாவில் முக்கால் மணி நேரம் பேசினாள். எல்லாம் அவள் கையால் செய்தது, பதில் தடுமாறவில்லை.

இப்படி எத்தனையோ இருக்கின்றன. ஆயிரம் ஜன்னல் வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் கறுப்பாகப் படர்கிறதே, அது என்ன பூஞ்சை? ஊருணியில் வெயில் காலத்தில் பச்சைப் பாசி கட்டுவது எந்த மாதம் தொடங்குகிறது? சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க்கும் வெட்டிய கண்மாய்க்கும் பூச்சி வகைகளில் என்ன வித்தியாசம்? நம் ஊருக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லும் காரைச் செடி இப்போது எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறது? அய்யனார் கோவில் காடுகளில் போய்ப் பார்த்தால் ஒரு டிசர்டேஷனே கிடைக்கும்.

பறவை என்றால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி. 1977இல் சரணாலயமாக அறிவித்தது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகிற மழைக்காலத்தில், கரையில் இருந்தபடி பைனாகுலரில் எண்ணலாம். ஆனால் எதையும் பிடிக்கவோ முட்டை, இறகு எடுக்கவோ வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. சட்டப்படி குற்றம். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் எண்ணிப் பார்க்கிற ஆய்வாக வைத்துக்கொள்வது உத்தமம்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ப்ராஜெக்டில் கண்மாய் மண்ணிலிருந்து 23 பாக்டீரியாக்களைப் பிரித்து வைத்திருந்தேன். மூன்று மாத உழைப்பு. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், கரண்ட் போய் ஃப்ரீசர் நின்று, கதவிடுக்கில் தண்ணீர் வழிந்திருந்தது. ஒன்றுகூட உயிரோடு இல்லை. அன்று லேப் படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு என் மாணவர்கள் யாரும் கல்ச்சரை, அதாவது லேபில் வளர்க்கும் கிருமியை, ஒரே இடத்தில் வைப்பதில்லை. கிளிசராலில் கலந்து உறையவைத்த ஸ்டாக் இரண்டு செட், இரண்டு வேறு ஃப்ரீசர், ட்யூபின் மேல் பென்சிலால் தேதி. பேனா மை ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும்.

தவளையை அறுக்கச் சொல்வார்களா? எங்கள் வீட்டில் சைவம்.

இல்லை. விலங்கு அறுவையை நிறுத்தும்படி 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. படம், மாதிரி, கணினி வழியாகத்தான் இப்போது.

எவ்வளவு செலவாகும்? உதவித்தொகை உண்டா?

அரசுக் கல்லூரியில் கட்டணம் பயப்படும்படி இருக்காது. சுயநிதிப் பிரிவில் அதே பாடத்துக்குப் பல மடங்கு கேட்பார்கள். ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும் என்பதால் எந்தப் பிரிவில் இடம் கொடுக்கிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணத்தோடு லேப் கட்டணம், ப்ராஜெக்ட் கெமிக்கல் செலவு, டிசர்டேஷன் பைண்டிங் எல்லாம் சேரும்.

புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும். இதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் பலர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் ஜூனுக்கு முன்பே இ-சேவையில் எடுத்து வையுங்கள். யு.ஜி.சி.யின் முதுநிலை தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்கு 10 மாதம். இதற்கு நல்ல மதிப்பெண் வேண்டும். நகரத்தார் அறக்கட்டளைகளும் படிப்புக்கு உதவுகின்றன. கேட்கத் தயங்கக் கூடாது.

நெட், ஜே.ஆர்.எஃப். என்கிறார்களே, அது என்ன?

சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்பது கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நடக்கும் தேர்வு. வருடத்துக்கு இருமுறை. ஜே.ஆர்.எஃப். கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50 சதவீதம் மதிப்பெண் வேண்டும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு அதில் 5 ஆண்டு தளர்வு.

உயிர் அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பாடத்திட்டத்தில் 13 அலகுகள். சி பகுதியில் 75 கேள்வி இருக்கும், 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். பதின்மூன்றையும் மேய வேண்டாம். ஆறேழு அலகை வேர்வரை படியுங்கள். சி பகுதியில் மனப்பாடம் உதவாது. ஒரு சோதனையின் படத்தைக் கொடுத்து என்ன முடிவு என்று கேட்பார்கள். லேபில் கை நனைத்தவருக்கே அது வரும்.

பிஎச்.டி. வேண்டாம். எம்.எஸ்சி.யோடு என்ன வேலை?

மருந்து கம்பெனிகளில் தரக் கட்டுப்பாடு, உணவுப் பரிசோதனைக் கூடம், மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், மருத்துவக் குறியீட்டு (மெடிக்கல் கோடிங்) வேலை, ஆராய்ச்சி நிறுவனங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட். தொடக்கச் சம்பளம் மகிழ்ச்சி தரும்படி இருக்காது என்பதை மறைக்க மாட்டேன். ப்ராஜெக்ட் வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். ஆனால் பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை), செல் கல்ச்சர் (செல்களை லேபில் வளர்ப்பது), கொஞ்சம் 'ஆர்' என்ற கணினி மொழியில் புள்ளிவிவரம் என்று மூன்றில் இரண்டு கையோடு இருந்தால் இரண்டு வருடத்தில் நிலைமை மாறும். முதலாண்டுக் கோடை விடுமுறையை வீணாக்காதீர்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், பெரிய ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

'பொண்ணுக்கு எம்.எஸ்சி. முடிந்தால் வயசு இருபத்துமூணு ஆயிடும். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ?'

இதைக் கேட்பது அம்மாக்கள். அவர்களிடம் நான் சொல்வது: ஆச்சி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அதில் தப்பில்லை. கல்யாணம் நடக்கட்டும். ஆனால் இரண்டாவது வருடத்தின் நடுவில் வேண்டாம். ப்ராஜெக்ட் நடக்கிற ஆறு மாதம் அவள் தினமும் லேபுக்குப் போக வேண்டும். கல்ச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அந்த ஆறு மாதம் விட்டுப்போனால் பட்டமே தொங்கிப்போகும். முடிந்தால் சம்பந்தம் பேசும்போதே, 'படிப்பை முடித்துவிட்டுத்தான்' என்று பெரியவர்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நிற்கும். அவள் சொன்னால் வாதம் என்பார்கள்.

என் வகுப்பில் நான்கு பெண்கள் இப்படிப் பாதியில் நின்றார்கள். அதில் ஒருத்தி எங்களில் மிகச் சிறந்தவள். அவளுடைய ரெக்கார்டு நோட்டுப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பி.எஸ்சி. முடித்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது சேரலாமா?

தாராளமாக. பல்கலைக்கழகங்கள் பொதுவாக எம்.எஸ்சி.க்கு வயதைப் பார்ப்பதில்லை. டி.சி., மார்க் ஷீட்டுகள், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கள். புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரியில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. நம் சிவகங்கை மாவட்டம் அழகப்பா. பல்கலைக்கழகம் மாறுவதால் மைக்ரேஷன் சர்டிஃபிகேட் கேட்பார்கள். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். சேர்க்கைக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.